கத்தரித்தால் கூந்தல் வளருமா?

நம் நாட்டில் தலைக்குள் இருப்பதைப் பற்றிக் கவலைப்படுகிறவர்களைவிட, தலைக்கு மேல் இருப்பதைப் பற்றிக் கவலைப்படுகிறவர்களே எப்பொழுதும் அதிகமாயிருந்து வருகின்றார்கள். அதிலும் பெண்ணின் தலை மயிர் என்று வந்துவிட்டால், அந்தப் பெண்ணைத் தவிர மற்ற எல்லோருமே அதைப் பற்றி அபிப்பிராயம் சொல்ல உரிமை உள்ளவர்களாகி விடுகின்றார்கள். மதுரையில் ஒரு பாண்டியனுக்குத் தன் மனைவியின் கூந்தலில் இருப்பது இயற்கை மணமா, பூவின் மணமா என்று சந்தேகம் வந்ததாகவும், அதற்காகப் புலவரும் கடவுளும் சபை நடுவே சண்டை போட்டுக் கொண்டதாகவும் புராணம் எழுதி வைத்திருக்கின்றார்கள். "அம்மா, நீ தலைக்கு என்ன தடவுகிறாய்?" என்று அந்த அரசியை யாராவது ஒரு வார்த்தை கேட்டுப் பார்த்ததாக மாத்திரம் கதையில் காணோம்!

அந்தச் சண்டை போகட்டும். இன்றைக்கு வீடுதோறும் நடந்து வரும் வேறொரு விவகாரத்தைப் பற்றியே இங்கு எழுத விரும்புகின்றோம். அதாவது, கூந்தலின் நுனியை அடிக்கடி கத்தரித்து விட்டால் அது நீளமாக வளரும் என்பதாக ஒரு நம்பிக்கை, படித்தவர், படியாதவர், பட்டணத்தார், கிராமத்தார் என்கின்ற வித்தியாசம் இல்லாமல் பரவியிருக்கின்றது. பாட்டிமார்கள் வளர்பிறையில் வெட்ட வேண்டும் என்கின்றார்கள். அழகு நிலையக்காரர்கள் ஆறு வாரத்திற்கு ஒரு தடவை வெட்ட வேண்டும் என்கின்றார்கள். பாட்டி சொன்னால் மூட நம்பிக்கை என்று சிரிக்கின்ற பேத்தி, அதையே குளிர்சாதன அறையில் கண்ணாடிக்கு முன் உட்கார வைத்துச் சொன்னால் பணம் கொடுத்துக் கேட்டுக்கொண்டு வருகின்றாள். இவ்விரண்டும் ஒரே சங்கதிதான் என்பதையும், அதில் எவ்வளவு உண்மை, எவ்வளவு பொய் என்பதையும் எடுத்துக் காட்டுவதே நமது நோக்கமாகும்.

இது ஏதோ அற்ப விஷயம், மயிரைப் பற்றி ஒரு கட்டுரையா என்று சில தோழர்கள் நினைக்கக்கூடும். நாமும் அப்படித்தான் நினைத்திருந்தோம். ஒரு கிராமத்தில் நாம் கண்ட ஒரு காரியம் நம் எண்ணத்தை மாற்றிவிட்டது.

நாம் தங்கியிருந்த வீட்டில் பதினாறு வயதுள்ள ஒரு பெண். அவளுக்கு ஒரு வருஷமாகக் கூந்தல் கொட்டுகின்றதாம், வளரவும் இல்லையாம். அதற்காகப் பாட்டி பிரதி மாதமும் வளர்பிறையில் நாள் பார்த்து, அரை அங்குலம் நுனியைக் கத்தரித்து வந்திருக்கின்றார். பக்கத்து ஊர் அழகு நிலையத்தில் வேறு மூன்று தடவை வெட்டி, ஏதோ தைலமும் விற்றிருக்கின்றார்கள். நாம் பாட்டியிடம், "ஏனம்மா, வெட்டினால் குறையத்தானே செய்யும்? எப்படி வளரும்?" என்று கேட்டோம். அவர், "என்னங்கய்யா இப்படிக் கேக்குறீங்க? முருங்கையை ஒடிச்சு விட்டாத்தானே தழையும்? வெட்டாத முடி எங்கேயாச்சும் வளருமா?" என்றார்.

அந்தப் பெண்ணோ மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகின்றாள்; உதடும் நகமும் வெளுத்துக் கிடக்கின்றன; எந்நேரமும் அசதி. ஒரு வருஷமாக அந்த வீட்டில் எல்லோரும் அவளுடைய மயிரின் நுனியைப் பார்த்தார்களே ஒழிய, ஒருவராவது அவளுடைய முகத்தைப் பார்க்கவில்லை! வற்புறுத்திச் சர்க்கார் ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அழைத்துப் போகச் சொன்னோம். இரத்தத்தைச் சோதித்ததில், 12 கிராமுக்குக் குறையாமல் இருக்க வேண்டிய ஹீமோகுளோபின் 8 கிராம்தான் இருந்தது. கத்தரி தேடிய இடம் ஒன்று. நோய் இருந்த இடம் வேறொன்று. ஆகவேதான் இதை அற்ப விஷயம் என்று தள்ளிவிட நம்மால் முடியவில்லை.

மயிர் எங்கே வளருகின்றது?

முதலில் மயிர் என்பது என்ன என்று பார்ப்போம். நம் தலைத் தோலுக்குள்ளே சிறு சிறு குழிகள் இருக்கின்றன. உத்தேசமாக ஒரு தலையில் ஒரு லட்சம் குழிகள். பிறக்கும்போதே இவை அமைந்து விடுகின்றன. பிறகு புதிதாக உண்டாவதில்லை. ஒவ்வொரு குழியின் அடியிலும் மயிரின் வேர் இருக்கின்றது. அந்த வேருக்கு இரத்தம் வந்து உணவு கொடுக்கின்றது. அங்கேயுள்ள உயிரணுக்கள் பெருகிப் பெருகி, மேலே தள்ளப்பட்டு, தள்ளப்படும்போதே கெட்டிப்பட்டுச் செத்துப் போகின்றன. அந்தச் செத்த பொருள்தான் வெளியே நாம் காணும் மயிர். அதில் இரத்தம் இல்லை, நரம்பு இல்லை, உயிர் இல்லை. வேரோடு பிடுங்கினால் வலிக்கின்றது. நுனியைக் கத்தரித்தால் வலிப்பதில்லை. உயிர் எங்கே இருக்கின்றது, எங்கே இல்லை என்பதற்கு இதைவிட வேறு சாட்சியம் வேண்டுமா?

முறுக்குப் பிழியும் அச்சைப் பாருங்கள். மாவு உள்ளே இருக்கின்றது, கை அழுத்துகின்றது, கீழே இழை இழையாக வருகின்றது. தொங்குகின்ற இழையின் நுனியைக் கிள்ளி எறிந்தால், அதனால் அச்சு வேகமாகப் பிழியுமா? இழைதான் தடிப்பாகுமா? கிள்ளிய சேதி அச்சுக்கு எப்படித் தெரியும்? அது போலத்தான், முழங்கால் அளவு தொங்கும் கூந்தலின் நுனியில் கத்தரி பட்டது என்பது தலைத் தோலுக்குள் இருக்கும் வேருக்குத் தெரிவதற்கு யாதொரு வழியும் இல்லை.

அப்படியானால் முருங்கை தழைக்கின்றதே என்றால், முருங்கைக்கு வெட்டிய இடத்திலேயே உயிர் இருக்கின்றது. செடியின் நுனிக் குருத்து ஒரு சத்தைச் சுரந்து, பக்கத்து மொட்டுகள் வெடிக்காதபடி அடக்கி வைத்திருக்கின்றது. நுனியைக் கிள்ளினவுடன் அந்த அடக்குமுறை போய்ப் பக்கத்து மொட்டுகள் கிளைக்கின்றன. கூந்தலை வெட்டின இடத்தில் எங்காவது இரண்டு கிளை வெடித்ததை யாராவது கண்டதுண்டா? நுனி இரண்டாகப் பிளப்பதைக் கண்டிருக்கலாம். அது தழைப்பு அல்ல. நைந்து போனதன் அடையாளம்.

இனி, மயிர் எவ்வளவு வளருகின்றது? ஆளுக்கு ஆள் சிறிது வித்தியாசம் இருந்தாலும், சராசரி மாதத்திற்கு 1 சென்டிமீட்டர், அதாவது வருஷத்திற்கு உத்தேசம் 12 சென்டிமீட்டர் என்று வைத்துக் கொள்ளலாம். ஒரு மயிரை மாத்திரம் பார்த்தால் இது ஆமை நடையாகத் தோன்றும். ஆனால் ஒரு தலையின் அத்தனை மயிரும் ஒரு நாளில் வளர்வதைச் சேர்த்துக் கட்டினால் சுமார் 30 மீட்டர் நூலாகும். தினந்தோறும் 30 மீட்டர் நூல் நூற்பதற்கு வேண்டிய சரக்கு சோற்றிலிருந்தும் கீரையிலிருந்தும் பருப்பிலிருந்தும் வர வேண்டுமே தவிர, கத்தரிக்கோலிலிருந்து வராது.

மயிர் எவ்வளவு நீளத்திற்கு வரும் என்பதும் வேரிலேயே தீர்மானிக்கப்படுகின்றது. ஒவ்வொரு மயிரும் சில வருஷ காலம் வளரும். பிறகு இரண்டு மூன்று வாரத்தில் வளர்ச்சி அடங்கும். பின்னர் மூன்று மாதம் போல் சும்மா இருந்து உதிரும். அதே குழியில் புதியது முளைக்கும். அந்த வளர்ச்சிக் காலம் ஒருவருக்கு மூன்று வருஷம் என்றால் மயிர் 36 சென்டிமீட்டரோடு நின்றுவிடும். ஆறு வருஷம் என்றால் 72 சென்டிமீட்டர் வரும். இது பெரும்பாலும் பரம்பரையில் வருகின்ற சங்கதி. புருவ மயிரின் வளர்ச்சிக் காலம் சில மாதங்களே ஆனபடியால்தான், புருவத்தை யாரும் பின்னிப் போட வேண்டிய அவசியம் ஏற்படவில்லை. நாள் ஒன்றுக்கு 50 முதல் 100 மயிர் வரை உதிர்வதும் இயற்கையே. சீப்பில் நாலு மயிர் கண்டவுடன் திகில் அடைந்து கடைக்கு ஓடுகிறவர்கள் இதைக் கவனிப்பார்களாக.

கண்ணெதிரே உள்ள சாட்சிகள்

இவையெல்லாம் புத்தகத்துச் சங்கதி என்று சொல்லுகிறவர்களுக்குப் பிரத்தியட்சமான சாட்சிகளையே காட்டுகின்றோம்.

முதலாவதாக, நரைக்குச் சாயம் பூசிக் கொள்ளும் தோழர்களைக் கேட்கின்றோம். சாயம் பூசி ஒரு மாதம் ஆனவுடன் வெள்ளை எங்கே தெரிகின்றது? நுனியிலா, அடியிலா? அடியில்தானே வகிடு நெடுகிலும் வெள்ளைக் கோடு விழுகின்றது? ஆகவே வளர்ச்சி அடியில்தான் என்பதற்கு அவரவர் தலையே சாட்சியாகும். நடுவே நுனியை வெட்டிக் கொண்ட மாதத்தில் அந்த வெள்ளைக் கோடு கூடுதலாக வளர்ந்ததா என்பதையும் அவர்களே அளந்து பார்த்துக் கொள்ளலாம். இதற்குப் பெரிய ஆராய்ச்சிச் சாலை வேண்டியதில்லை. ஓரணாக் கண்ணாடியும் ஓர் அளவுகோலும் போதும்.

இரண்டாவதாக, ஆண்மக்களைப் பாருங்கள். பத்து வயது முதல் மாதந்தவறாமல் தலையைக் கத்தரிக்குக் கொடுப்பவர்கள் அவர்களே. கத்தரியால் மயிர் செழிக்கும் என்பது உண்மையானால் உலகத்தில் வழுக்கைத் தலை ஒன்றாவது இருக்க நியாயம் உண்டா? நாற்பது வருஷம் கத்தரித்தவர் வழுக்கையாகவும், கத்தரியே படாத அவர் தாயார் எண்பது வயதில் கொண்டை போட்டுக் கொண்டும் இருப்பதை நாம் பார்க்கவில்லையா? வழுக்கைக்குக் காரணம் பரம்பரையும், ஆண்களுக்குரிய ஒரு சுரப்பு சில குழிகளைச் சிறிது சிறிதாகச் சுருங்க வைப்பதுமேயாகும். கத்தரிக்கு அங்கும் வேலை இல்லை.

மூன்றாவதாக, நகம். வாரந்தோறும் வெட்டுகின்றோம். வெட்டுவதனால்தான் நகம் வளருகின்றது என்று யாராவது சொல்லுகின்றார்களா?

நான்காவதாக, மயிரையே வெட்டாத மக்களைப் பாருங்கள். 1699ஆம் ஆண்டு கால்ஸா ஏற்பட்டது முதல் சீக்கியர்களில் அதைச் சேர்ந்தவர்கள் மயிரை வெட்டுவதில்லை என்பதைக் கட்டுப்பாடாக வைத்திருக்கின்றார்கள். கத்தரிதான் வளர்ச்சிக்குக் காரணம் என்றால் அவர்களுடைய மயிர் முளைத்த இடத்திலேயே நின்றிருக்க வேண்டும், நிற்கவில்லை. சரி, வெட்டாமல் விட்டால் மாத்திரம் எல்லோருக்கும் பாதம் வரை வந்து விடுகின்றதா என்றால் அதுவும் இல்லை. அவரவர் வேரின் காலக் கணக்கு எவ்வளவோ அவ்வளவோடு நின்று விடுகின்றது. சீன தேசத்தில் சியே சியூபிங் என்னும் அம்மையார் 1973ஆம் ஆண்டில், தமது 13ஆம் வயதிலிருந்து மயிரை வெட்டாமல் விட்டார். 2004ஆம் ஆண்டு மே மாதத்தில் கின்னஸ் புத்தகத்திற்காக அளந்தபோது அது 5.627 மீட்டர் இருந்தது. உலகத்திலேயே மிக நீண்ட கூந்தல் என்று பதிவான கூந்தல், முப்பத்தொரு வருஷமாகக் கத்தரியைக் கண்ணால் பாராத கூந்தலாகும்!

நம் கண்ணை மாத்திரம் நம்பாமல் விஞ்ஞானிகளும் சோதித்து விட்டார்கள். அமெரிக்காவில் 1928ஆம் ஆண்டில் மில்ட்ரெட் டிராட்டர் என்னும் பெண் ஆராய்ச்சியாளர், மழிப்பதனால் மயிர் வளர்ச்சி மாறுகின்றதா என்று சோதித்துப் பார்த்தார். மழித்ததனால் மயிர் வேகமாகவும் வளரவில்லை, தடிப்பாகவும் வளரவில்லை, கருப்பாகவும் வளரவில்லை. 1970ஆம் ஆண்டில் அங்கேயே ஐந்து வாலிபர்களைக் கொண்டு வேறொரு சோதனை நடந்தது. ஒவ்வொருவருக்கும் ஒரு காலை வாரந்தோறும் மழித்தார்கள். மற்றொரு காலைத் தொடவில்லை. பல மாதம் கழித்து மயிரின் எடை, பருமன், வேகம் எல்லாவற்றையும் கணக்கெடுத்ததில், இரண்டு காலுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசமே இல்லை.

ஒரே கத்தி, இரண்டு சாஸ்திரம்

நிற்க, இந்தக் கத்தரி நம்பிக்கையின் தமையன் மொட்டை நம்பிக்கையாகும். குழந்தைக்கு மொட்டை அடித்தால் முடி அடர்த்தியாக வளரும் என்று சொல்லாத வீடு நம் நாட்டில் அரிது. குழந்தையின் முதல் மயிர் பூனை மயிர் போல மெல்லியது. அது ஒரு வயதுக்குள் தானாகவே உதிர்ந்து, கெட்டியான மயிர் தானாகவே வருகின்றது. மொட்டை அடிக்காத குழந்தைக்கும் அப்படியே வருகின்றது. இயற்கை செய்கின்ற வேலைக்குக் கத்தி பேர் வாங்கிக் கொள்ளுகின்றது. கத்தியின் பேரைக் கோவில் வாங்கிக் கொள்ளுகின்றது. அன்றியும், மழித்த மயிர் முளைக்கும்போது அதன் நுனி கூராக இல்லாமல் மொட்டையாக இருப்பதால் கைக்குச் சொரசொரப்பாகவும் கண்ணுக்குத் தடிப்பாகவும் தோன்றுகின்றது. சீவிய பென்சிலையும் ஒடித்த பென்சிலையும் தடவிப் பார்த்தால் இதன் இரகசியம் விளங்கும். பென்சில் தடித்து விடவில்லை, முனை மாறியிருக்கின்றது, அவ்வளவுதான். மீசை முளைக்க வேண்டுமென்று சவரம் செய்து கொள்ளும் பையன்களுக்கும் இதுவே பதில். மீசையைக் கொண்டுவருவது வயது; பிளேடு அல்ல.

இங்கு ஒன்று கேட்க ஆசைப்படுகின்றோம். குழந்தையின் தலையை மழித்தால் முடி அடர்ந்து வளரும் என்று சொன்ன இதே சமூகம், மேல்சாதி என்று சொல்லிக் கொள்ளும் சில குடும்பங்களில் புருஷன் செத்துப் போன பெண்ணின் தலையையும் சென்ற நூற்றாண்டு வரையில் மழித்துக் கொண்டிருந்ததே, அது எதற்காக? அழகாய் அடர்ந்து வளர வேண்டும் என்பதற்காகவா? அழகே இருக்கக் கூடாது என்பதற்காக அல்லவா? ஒரே கத்தி, ஒரே தலைத் தோல். குழந்தைக்கு வளர்ப்பதாம், கைம்பெண்ணுக்கு ஒழிப்பதாம்! கத்திக்குத் தெரியுமா இந்தப் பேதம்? இவ்விரண்டில் எதுவும் மயிரைப் பற்றிய அறிவிலிருந்து பிறந்ததல்ல. மற்றவர் தலையின் மேல் நமக்கு அதிகாரம் உண்டு என்கின்ற ஆணவத்திலிருந்து பிறந்தவை.

வளர்பிறை என்பதும் இந்த ரகமே. சந்திரன் வளருகின்றது, ஆகையால் மயிரும் வளரும் என்பது சொல்லுக்குச் சொல் பொருத்துகின்ற விளையாட்டே தவிர, காரண காரியம் அல்ல. சந்திரனே வளருவதில்லை, அதன் மேல் சூரிய ஒளி படுகின்ற பாகம்தான் நம் கண்ணுக்குக் கூடியும் குறைந்தும் தெரிகின்றது. மயிரோ வளர்பிறையிலும் தேய்பிறையிலும் நாளுக்கு ஒரு மில்லி மீட்டரில் மூன்றில் ஒரு பங்கு வீதம் வளர்ந்து கொண்டே இருக்கின்றது. இந்தப் பைத்தியம் நம் பஞ்சாங்கத்துக்கு மாத்திரம் சொந்தம் என்று நினைத்துவிட வேண்டாம். அமெரிக்காவில் வெளியாகும் பஞ்சாங்கங்களிலும் மயிர் வளர எந்த நாளில் வெட்டலாம் என்று சந்திரனைப் பார்த்துப் பட்டியல் போடுகின்றார்கள். மடமைக்கு எல்லைக்கோடு கிடையாது.

இதில் உள்ள உண்மை எவ்வளவு?

ஆனபோதிலும், எந்த நம்பிக்கையையும் முழுப் பொய் என்று ஒரேயடியாகத் தள்ளுவது பகுத்தறிவாகாது. இவ்வளவு பேர் அனுபவத்தில் கண்டோம் என்று சொல்லுவதற்கு ஏதாவது காரணம் இருக்க வேண்டும். அது என்னவென்று பார்க்கலாம்.

70 சென்டிமீட்டர் கூந்தலின் நுனி என்பது ஏறக்குறைய ஆறு வருஷத்திற்கு முன் தலைக்குள்ளிருந்து வெளியே வந்த பொருள். ஆறு வருஷ வெயில், ஆறு வருஷச் சீப்பு, ஆறு வருஷச் சோப்பு, போதாக்குறைக்கு இக்காலத்துச் சாயமும் சூட்டுக் கம்பியும் அதன்மேல் பட்டிருக்கின்றன. மயிரின் மேல்புறம் மீன் செதில் போல அடுக்கடுக்கான ஒரு காப்பு இருக்கின்றது. அது தேய்ந்து போனால் உள்ளிருக்கும் நார் பிரிந்து நுனி பிளக்கின்றது. பிளவு மேலே ஏறவும் கூடும். ஏறின இடத்தில் முறியும். செத்த பொருளானபடியால் அது தானே ஆறிக் கொள்ளாது. எந்தத் தைலமும் எந்தப் பசையும் அதைச் சேர்த்து வைக்காது, அடுத்த தடவை தலை முழுகும் வரை ஒட்டி வைக்கலாம், அவ்வளவே.

இப்பொழுது அடியில் மாதம் 1 சென்டிமீட்டர் வளர, நுனியில் மாதம் 1 சென்டிமீட்டர் முறிந்து போனால், கூந்தல் நின்ற இடத்திலேயே நிற்கும். பார்க்கிறவர்கள் வளர்ச்சி நின்று விட்டது என்பார்கள். வளர்ச்சி நிற்கவில்லை, ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுகின்ற கதை. அந்தப் பிளந்த நுனியைக் கத்தரித்து விட்டால் முறிவு குறைகின்றது. வளர்ந்தது வளர்ந்தபடி நிற்கின்றது. ஆகவே கத்தரி மயிரை வளர்ப்பதில்லை. வளர்ந்த மயிர் வீணாய்ப் போகாமல் சில சமயம் காப்பாற்றுகின்றது. நம்பிக்கையில் இருக்கும் உண்மை இவ்வளவுதான்.

ஆனால் அதற்கும் கணக்கு உண்டு. வளர்வது வருஷத்திற்கு 12 சென்டிமீட்டர். மூன்று மாதத்திற்கு ஒரு தடவை 1 சென்டிமீட்டர் வெட்டினால் வருஷத்தில் 4 போய் 8 மிஞ்சும். பாட்டி செய்தது போல மாதந்தோறும் அரை அங்குலம் வெட்டினால் வருஷத்திற்கு 15 சென்டிமீட்டர் போகும். அதாவது வளர்வதைவிட வெட்டுவது 3 சென்டிமீட்டர் அதிகம். கூந்தல் ஏன் வளரவில்லை என்று தேடிக் கொண்டிருந்த அந்த வீட்டில், கூந்தலைக் குறைத்துக் கொண்டிருந்ததே பாட்டியின் கத்தரிக்கோல்தான்! வரவுக்கு மேல் செலவு செய்துகொண்டு பணம் சேரவில்லையே என்று ஜாதகம் பார்க்கிறவனுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

ஆகையால் நுனி பிளந்திருந்தால் பிளந்த மட்டும் வெட்டிக் கொள்ளுங்கள். பிளக்கவில்லையானால் நீளம் வேண்டுகிறவர்களுக்கு வெட்டும் அவசியமே இல்லை. ஈரத் தலையை வலுவில் வாராதிருப்பது, இறுக்கிப் பின்னாதிருப்பது, சூட்டுக் கம்பியை ஒதுக்குவது ஆகிய இவை கத்தரியைவிட அதிகமாக நீளத்தைக் காக்கும். தேங்காய் எண்ணெய் தடவினால் மயிரிலிருந்து புரதம் கழிந்து போவது குறைகின்றது என்பதை 2003ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆராய்ச்சி காட்டியிருக்கின்றது. ஆனால் அதுவும் மயிருக்குக் காப்பே தவிர, வேருக்கு உணவு அல்ல.

இதைச் சொல்லுவதால் முடிதிருத்தும் தோழர்களின் பிழைப்புக்கு நாம் விரோதம் செய்வதாக யாரும் நினைக்க வேண்டியதில்லை. அவர்கள் தொழில் சுத்தத்துக்கும் அழகுக்கும் உரிய கண்ணியமான தொழில். அவர்கள் கையால் தலையை ஒப்புக் கொடுத்து உட்கார்ந்து விட்டு, எழுந்தவுடன் அவர்களையே தீண்டத் தகாதவர் போல நடத்திய சமூகம்தான் வெட்கப்பட வேண்டும். கைவேலைக்குக் கூலி கொடுப்பது நியாயம்; பொய்க்கு விலை கொடுப்பதுதான் அநியாயம்.

நாம் கவலைப்படுவது எதற்கு?

மயிர் கொட்டுவதற்கும் வளராததற்கும் உண்மையான காரணங்கள் உண்டு. கடுமையான காய்ச்சலோ, பிரசவமோ, அறுவைச் சிகிச்சையோ நடந்தால் இரண்டு மூன்று மாதம் கழித்து மயிர் கொத்தாகக் கொட்டும். பட்டினியாய்க் கிடந்து உடம்பை இளைக்க வைத்தாலும் அப்படியே. இது பெரும்பாலும் ஆறு மாதத்தில் தானே சரியாகி விடுகின்றது. இடையில் யார் மொட்டை அடித்தார்களோ, யார் நுனி வெட்டினார்களோ, யார் தைலம் விற்றார்களோ அவர்களுக்கு அந்தப் பேர் போய்ச் சேருகின்றது. தொண்டையில் உள்ள தைராய்டு சுரப்பியின் குறையும், இரத்தத்தில் இரும்புச் சத்துக் குறைவும் வேறு முக்கியமான காரணங்களாகும்.

2019 முதல் 2021 வரையில் எடுக்கப்பட்ட தேசிய குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் 15 வயது முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 100க்கு 57 பேர் இரத்த சோகை உள்ளவர்கள். பாதிக்கு மேற்பட்ட பெண்களின் உடம்பில் இரத்தம் போதவில்லை. நாமோ அவர்களுடைய மயிரின் நீளம் போதவில்லை என்று அளந்து கொண்டிருக்கின்றோம்! வீட்டில் எல்லோரும் உண்ட பிறகு மிச்சத்தை உண்ண வேண்டும் என்று பெண்ணுக்குச் சட்டம் போட்டவர்கள், மாதாமாதம் இரத்தம் இழக்கின்ற உடம்புக்கு அந்த மிச்சம் எப்படிப் போதும் என்று யோசித்தார்களா? கீரை, பயறு, முட்டை, இறைச்சி, மீன் இவற்றைப் பெண்பிள்ளைகளுக்கு முதலில் போடுங்கள். சோற்றோடு சேர்த்துத் தேநீர் குடித்தால் உணவிலுள்ள இரும்பு உடம்பில் சேருவது குறையும் என்பதை அறிந்து கொள்ளுங்கள். பள்ளிக்கூடங்களில் வாரம் ஒரு முறை இலவசமாகக் கொடுக்கின்ற இரும்புச் சத்து மாத்திரையைத் தூர எறியாமல் விழுங்கச் சொல்லுங்கள். பூச்சி மருந்தையும் தவறாமல் கொடுங்கள். நாலு மாதமாகியும் கொட்டுவது நிற்கவில்லையானால், கத்தரியை வைத்துவிட்டு டாக்டரிடம் போங்கள்.

நாம் முதலில் சொன்ன பெண் மாத்திரை சாப்பிட்டு வந்தாள். ஆறேழு மாதம் கழித்து அந்த வீட்டார் நமக்கு எழுதினார்கள். பெண் இப்பொழுது மூச்சு வாங்காமல் மாடி ஏறுகின்றாள், பள்ளிக்கூடத்திற்கு ஒழுங்காய்ப் போகின்றாள், கூந்தல் கொட்டுவதும் நின்றுவிட்டது என்று எழுதிவிட்டு, வளர்பிறையில் வெட்டினதும் கொஞ்சம் உதவியிருக்கலாம் என்று பாட்டி சொல்லுவதாகவும் சேர்த்திருந்தார்கள். பாட்டியின் மேல் நமக்குக் கோபமில்லை. அவருக்குத் தெரிந்த மருந்து அது. அவருடைய அன்பும் உண்மையானது. ஆனால் அன்பு மாத்திரம் இருந்து அறிவு இல்லாவிட்டால், நோய் ஓரிடத்திலும் மருந்து ஓரிடத்திலுமாகப் போய்விடும் என்பதற்கு அந்த ஒரு வருஷமே போதிய உதாரணமாகும்.

கடைசியாக ஒன்று சொல்லி முடிக்கின்றோம். கூந்தல் நீளமாயிருப்பதுதான் பெண்ணுக்கு லட்சணம் என்பது யார் போட்ட சட்டம்? பெண் பார்க்கப் போகிறவர்கள் பின்னலை அளக்கின்றார்கள். மாப்பிள்ளையின் வழுக்கையை எவராவது அளக்கின்றார்களா? நீளக் கூந்தல் வேண்டுகின்ற பெண் வளர்த்துக் கொள்ளட்டும். வேண்டாதவள் காதளவு கத்தரித்துக் கொண்டு, அதை எண்ணெயிட்டு, சிக்கெடுத்து, உலர்த்தும் நேரத்தை வேறு காரியத்துக்குச் செலவிடட்டும். அது அவள் தலை, அவள் இஷ்டம். கத்தரி அவள் கையில் இருந்தால் அது ஒரு கருவி. பாட்டியின் கையிலும், பஞ்சாங்கத்தின் கையிலும், கடைக்காரன் கையிலும் இருந்தால் அது ஒரு விலங்கு.

ஆகவே தோழர்களே, இன்று இரவு சாப்பாட்டின்போது உங்கள் வீட்டுப் பெண்பிள்ளையின் தட்டையும், அவளுடைய கண் இமையின் உட்புறத்தையும் ஒரு தடவை பாருங்கள். அது வெளுத்திருந்தால் நாளைக் காலையில் எங்கே போக வேண்டும் என்பது உங்களுக்கே தெரியும். அங்கே போவதற்கு வளர்பிறை பார்க்க வேண்டியதில்லை.